வைரஸ் ஆய்வகங்களை யார் கண்காணிப்பது? கோரிமேட்டுக் கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி: "புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையும் கொசு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிற கோரிமேட்டுப் பக்கம்தான் எங்கள் வீடு. வைரஸின் வீரியத்தைக் கூட்டிப் பார்க்கும் ஆராய்ச்சி பற்றி உலகமெல்லாம் சண்டை நடக்கிறது. இங்கேயும் அப்படி உண்டா? யார் மேற்பார்வை? தானே மாதிரி ஒரு புயல் வந்து கரண்ட் போனால் உள்ளே இருக்கிற கிருமி வெளியே வந்துவிடாதா?"

மூன்றில் கடைசிக் கேள்விதான் முதலில் கேட்டிருக்க வேண்டியது. ஆனால் அதற்கு விடை சொல்ல மற்ற இரண்டையும் கொஞ்சம் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜிப்மரில் இருப்பது வைரஸ் நோயறிதல் ஆய்வகம். காய்ச்சலோடு வருபவரின் ரத்தமும் தொண்டைச் சளியும் அங்கே போகும். டெங்குவா, சிக்குன்குனியாவா, இன்ஃப்ளூயன்சாவா என்று எலைசா, பிசிஆர் சோதனைகள் வழியாகப் பார்ப்பார்கள். பிசிஆருக்குப் போகிற மாதிரியைப் பாதுகாப்பு கேபினெட்டுக்குள் வைத்துத் திறந்ததும் முதல் வேலையாக லைசிஸ் பஃபர் என்ற ரசாயனக் கரைசலில் கலப்பார்கள். அதிலுள்ள குவானிடின் உப்பு வைரஸின் உறையையும் புரதத்தையும் சிதைத்துவிடும். அதன்பிறகு கையில் இருப்பது மரபணுத் துணுக்கு மட்டுமே. பக்கத்திலேயே இந்திரா நகரில் இருக்கும் கொசு ஆராய்ச்சி நிலையமான விசிஆர்சி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் நிறுவனம். யானைக்கால், டெங்கு, மலேரியா பரப்பும் பூச்சிகள்தான் அதன் களம். உலகம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி இந்த இரண்டு வகையிலும் சேராது.

அந்தச் சண்டை சூடுபிடித்தது 2011இல். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ரான் ஃபூஷியே குழுவும், அமெரிக்காவின் விஸ்கான்சினில் யோஷிஹிரோ கவாவோகா குழுவும், எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸை மாற்றியமைத்து, ஃபெரட் என்ற சிறு விலங்குகளுக்கிடையே காற்று வழியாகப் பரவ வைத்தன. எச்5என்1 தொற்றியதாக உறுதியான மனிதர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். ஆறுதல் என்னவென்றால் அது ஆளிடமிருந்து ஆளுக்கு எளிதில் ஒட்டுவதில்லை. அந்தத் தடையைத் தாண்ட அதற்கு என்னென்ன மாற்றம் தேவை என்பதுதான் ஆய்வின் கேள்வி. 2011 டிசம்பர் 20 அன்று அமெரிக்க அரசின் உயிரிப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, செய்முறை விவரங்களை நீக்கிவிட்டு வெளியிடச் சொன்னது. திருத்திய பிரதிகளைப் பார்த்துவிட்டு மார்ச்சில் மனம் மாறியது. 2012இல் இரண்டும் அச்சேறின. 2012 ஜனவரியிலிருந்து ஓராண்டு ஆய்வாளர்கள் தாங்களாகவே வேலையை நிறுத்தி வைத்தார்கள். (அந்த டிசம்பர் அறிவிப்புக்குப் பத்தாம் நாள் விடிகாலையில்தான் தானே நம் கரையைக் கடந்தது. கடலூரில் அன்றைக்கு ஃபெரட்டைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்?)

ஆதரிப்பவர்கள் சொல்வது: இந்த மாற்றங்களை இயற்கை எப்படியும் செய்து பார்க்கும், எது ஆபத்து என்று முன்பே தெரிந்தால் பண்ணைக் கோழி மாதிரியில் அதைக் கண்டதுமே விழித்துக்கொள்ளலாம். எதிர்ப்பவர்கள் சொல்வது: அந்தப் பட்டியலை வைத்துத் தடுத்த நோய் எத்தனை? ஒரே ஒரு கசிவு கோடிக்கணக்கானோரைத் தொடலாமே. என் கணக்கில் முதல் வாதம் பாதி உண்மை. சில மரபணு மாற்றங்களை அபாயக் குறியாகக் கண்காணிப்பவர்கள் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரே மாற்றம் ஒரு வைரஸில் செய்வதை இன்னொன்றில் செய்வதில்லை. மிச்ச மரபணுக்களைப் பொறுத்து விளைவு மாறும். ஆகவே காற்றில் பரவாத, பாதிப் பேரைக் கொல்லும் ஒரு கிருமியைக் காற்றில் பரவ வைக்கும் சோதனைக்கு, அந்த நிறுவனத்துக்கும் பணம் கொடுப்பவருக்கும் வெளியே இருக்கும் ஒரு குழு முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும் என்பது என் கட்சி.

அதற்காக "வீரியம் கூட்டும் எல்லாவற்றையும் தடை செய்" என்றால் வேலைக்கு ஆகாது. காய்ச்சல் தடுப்பூசிக்கான வைரஸை முட்டையில் நன்றாக வளரும்படி பழக்குவதும் அதன் திறனைக் கூட்டுவதுதான். எலிக்கு மெர்ஸ் என்ற கொரோனா வைரஸ் நோய் வராது. வரும்படி செய்தால்தான் மருந்தைச் சோதிக்க முடியும். 2014 அக்டோபரில் அமெரிக்க அரசு இன்ஃப்ளூயன்சா, சார்ஸ், மெர்ஸ் வைரஸ்களின் வீரியத்தையோ பரவலையோ கூட்டக்கூடிய ஆய்வுகளுக்கான நிதியை நிறுத்தியபோது இதுதான் நடந்தது. வலை பெரிதாக விழுந்து, சில எலி ஆய்வுகளுக்கு விலக்கு கொடுக்க வேண்டியதாயிற்று. 2017 டிசம்பரில் அந்தத் தடையை நீக்கி, திட்டத்துக்குத் திட்டம் பரிசீலிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் இருந்த ஓட்டை 2022இல் தெரிந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகம் ஒமைக்ரானின் ஸ்பைக் புரதத்தைப் பழைய கொரோனா வைரஸோடு சேர்த்த கலப்பை எலிகளுக்குக் கொடுத்தது, 80 சதவீதம் செத்தன. பழைய வைரஸ் 100 சதவீதத்தையும் கொன்றது என்பதைப் பல தலைப்புச் செய்திகள் சொல்லாமல் விட்டன. எங்களிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று நிதி தரும் அரசு நிறுவனம் கேட்டது. உங்கள் பணத்தில் இதைச் செய்யவில்லை, சொல்லத் தேவையில்லை என்றது பல்கலைக்கழகம். நிதியைக் கயிறாக வைத்துக் கட்டினால், நிதி இல்லாத இடத்தில் கயிறும் இல்லை. 2024 மேயில் அறிவித்த விரிவான கொள்கை 2025 மே 6 அன்று நடைமுறைக்கு வர வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய நாளே புதிய அதிபர் ஆணை வந்து, ஆபத்தான வகை ஆய்வுகளுக்கு நிதியை நிறுத்தி, அந்தக் கொள்கையை மாற்றி எழுதச் சொன்னது. கோவிட் எங்கிருந்து வந்தது என்ற வழக்கும் இன்னும் முடியவில்லை. வூஹான் ஆய்வகத்தின் முழு விவரத்தைச் சீனா தராதவரை முடியவும் முடியாது.

இவ்வளவு சத்தத்துக்கும் அடியில் ஒரு விஷயம் அமுங்கிப் போகிறது. ஆய்வகத்திலிருந்து கிருமி வெளியேறியதாக உறுதியான சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் வீரியம் கூட்டிய வைரஸே கிடையாது. சாதாரண வைரஸ், சாதாரண அசட்டை. வெளியேறிய வழிகளும் சிலதான்: வேலை செய்தவரின் உடம்பு, வடிகால், பார்சல், அரிதாகக் காற்று.

உடம்புக்கு உதாரணம் சார்ஸ். 2003இல் உலகம் அதை அடக்கியபின் சிங்கப்பூர், தைவான், பெய்ஜிங் ஆய்வகங்களில் அது மறுபடி ஆளைப் பிடித்தது. சிங்கப்பூர் மாணவர் வேலை செய்தது வெஸ்ட் நைல் வைரஸில். அந்த மாதிரியில் சார்ஸ் கலந்திருந்தது யாருக்கும் தெரியாது. 2004இல் பெய்ஜிங்கில் வைரஸைச் செயலிழக்கச் செய்யும் முறை வேலை செய்ததா என்று சரிபார்க்காமலே, செத்ததாக நினைத்துச் சாதாரண அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது பேருக்கு நோய் வந்தது. தொற்றிய மாணவியைப் பார்த்துக்கொண்ட தாய் இறந்துபோனார்.

பார்சலுக்கு உதாரணம் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி. 2014 ஜூனில் செயலிழக்கச் செய்த ஆந்த்ராக்ஸ் என்று நினைத்துச் சில மாதிரிகளைப் பாதுகாப்பு நிலை குறைந்த ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். சோதனைத் தட்டை 24 மணி நேரம் பார்த்து, முளைக்கவில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். தூக்கிப் போடாமல் விட்ட தட்டில் எட்டாம் நாள் முளைத்திருந்தது. அதே ஆண்டு அதே நிறுவனம், சாதுவான ஒரு பறவைக் காய்ச்சல் மாதிரியில் எச்5என்1 கலந்திருப்பது தெரியாமல் வேளாண் துறை ஆய்வகத்துக்கு அனுப்பியது. தெரிந்தபின்னும் மேலிடத்துக்குச் சொல்ல ஆறு வாரம் ஆயிற்று.

வடிகாலுக்கு உதாரணம் இங்கிலாந்தின் பிர்பிரைட் கால்நடை நோய் ஆய்வு வளாகம். கோரிமேட்டில் நின்று இந்த விவாதத்தைப் பார்ப்பவர் வூஹானைவிட இதைத்தான் படிக்க வேண்டும். 2007 ஆகஸ்டில் அந்த வளாகத்துக்கு அருகிலிருந்த பண்ணையில் கோமாரி நோய் வந்தது. பல பத்தாண்டுகளாக வெளியே எங்கும் இல்லாத, ஆய்வகத்தில் மட்டும் இருந்த வகை. உயிருள்ள வைரஸ் கலந்த கழிவுநீர், இறுதிச் சுத்திகரிப்புக்குப் போகும் வழியில் பழைய குழாயின் விரிசலிலும் மூடாத ஆள்துளையிலும் கசிந்திருக்கிறது. ஜூலையில் கொட்டிய மழை அதை மண்ணில் பரப்ப, கட்டுமான லாரிகளின் சக்கரம் சேற்றை வெளியே இழுத்துப் போயிருக்கிறது. எட்டுப் பண்ணைகள் பாதிக்கப்பட்டன. குழாய் பழையது என்பது முன்பே தெரியும். செலவை யார் ஏற்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று: அங்கே உரிமம் கொடுத்த துறையே ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளரும்கூட. விசாரணைக்குப் பின் அந்தக் கண்காணிப்பைப் பிடுங்கி, தொழில் பாதுகாப்புத் துறையிடம் கொடுத்தார்கள்.

இனி நம்மூர் ஆய்வகங்களில் எங்கே வழுக்கும் என்று பார்க்கலாம். மருத்துவக் கல்லூரிகளிலும் தனியார் பரிசோதனை நிலையங்களிலும் பெரும்பாலும் இருப்பது, ஆய்வகங்களுக்கான நான்கு நிலைகளில் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு. அதன் உயிர், இரண்டாம் வகுப்பு பாதுகாப்பு கேபினெட். முன்புறத் திறப்பில் காற்று வினாடிக்கு சுமார் அரை மீட்டர் வேகத்தில் உள்ளே இழுக்கப்பட்டு, ஹெப்பா வடிகட்டி வழியாகப் போகும். அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். முதல் தவறே இங்கேதான்: "லேமினார்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு, காற்றை வேலை செய்பவர் முகத்தை நோக்கி ஊதும் கிளீன் பெஞ்சை வாங்கி வைத்துவிடுவார்கள். அது மாதிரியைக் காக்கும், ஆளைக் காக்காது. சரியான கேபினெட்டே வாங்கினாலும், மேலே சீலிங் ஃபேன் ஓடினால், ஏசி நேராகத் திறப்பின்மேல் அடித்தால், பக்கத்துக் கதவை ஆள் மாற்றி ஆள் திறந்தால், அந்த அரை மீட்டர் காற்றுத்திரை கிழிந்துவிடும். முன்புற கிரில்மேல் நோட்டை வைப்பதும் அதே பலன். கேபினெட்டை ஆண்டுக்கு ஒரு முறையும், இடம் மாற்றினால் உடனேயும், காற்றின் வேகம், வடிகட்டிக் கசிவு, புகை ஓட்டம் மூன்றையும் சோதித்துச் சான்று ஒட்ட வேண்டும். யூவி விளக்கு எரிகிறது என்பது சான்று ஆகாது.

அடுத்தது, கழிவை நீராவி அழுத்தத்தில் அவித்துக் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ். மருத்துவக் கழிவு விதிகள் 2016 கேட்பது 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ அழுத்தம், குறைந்தது 60 நிமிடம். மஞ்சள் பையை வாய் இறுக்கிக் கட்டி, அறை நிறையத் திணித்தால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும், நீராவி போய்ச் சேராது. மீட்டர் 121 காட்டும், பைக்குள் 90 இருக்கலாம். நிறம் மாறும் டேப் வெளிச்சூட்டைத்தான் சொல்லும். ஆகவே வாரம் ஒரு முறை, சூட்டைத் தாங்கும் ஜியோபேசில்லஸ் பாக்டீரியாவின் விதைத்துகள் குப்பியைப் பையின் நடுவில் வைத்து ஓட்டி, பிறகு வளர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் கேட்டால் ஆய்வகத்தின் லட்சணம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எல்லா வாரமும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

பிளீச்சிங் கரைசல் நம் வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஏதாவது சிந்திவிட்டால் உடனே துடைக்கப் பாயக் கூடாது. எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்தி, அரை மணி நேரம் விட்டு, கவசத்தோடு வந்து, தாளால் மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி 1 சதவீதக் கரைசலை ஊற்றி, மறுபடி அரை மணி நேரம் காக்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு: சிந்தியது குவானிடின் உள்ள லைசிஸ் பஃபர் என்றால் பிளீச்சை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். பிசிஆர் ஆய்வகங்கள் அவசரமாக முளைத்த 2020இல் இதைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியிருந்தது.

இப்போது புயல். மின்சாரம் போனால் குப்பிக்குள் இருக்கும் கிருமி தானாக எழுந்து வராது. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியைத் திறக்காமல் விட்டால் சில மணி நேரம் தாங்கும். உருகினாலும், திருகு மூடிக் குப்பியில் இருக்கும்வரை அது அங்கேதான் இருக்கும். உண்மையான பிரச்சினை மூன்று. ஒன்று, வேலை நடுவில் கேபினெட் விசிறி நின்றால் காற்றுத்திரை போய்விடும். கேபினெட்டுக்குத் தனி யூபிஎஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பிகளை மூடி, கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியேற வேண்டும். இரண்டு, மூன்றாம் நிலை ஆய்வகம் என்றால் அறையே வெளியைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கும், உள்ளே போகப் போக அறைக்கு அறை சுமார் 12.5 பாஸ்கல் குறைவாக. வெளியேற்றும் விசிறி நின்று, காற்று தரும் விசிறி மட்டும் ஓடினால் அழுத்தம் தலைகீழாகி, உள்காற்று வராந்தாவுக்கு வரும். இரண்டையும் பிணைத்து, தரும் விசிறி முதலில் நிற்கும்படி செய்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் எடுக்கும் சில வினாடிகளில் இது சரியாக நடக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை மெயினை நிஜமாகவே அணைத்துப் பார்க்க வேண்டும். கடல் காற்று இங்கே தகடு, ரிலே, மோட்டார் எல்லாவற்றையும் அரிக்கும். காகிதத்தில் வேலை செய்யும் பிணைப்பு துருவில் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது தண்ணீர். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிக் கொட்டும்போது கழிவுநீர்த் தொட்டியும் சாக்கடையும் பின்னுக்குத் தள்ளும். ஆய்வகத்தில் வளர்த்த உயிருள்ள கிருமிக் கழிவை அழிக்காமல் தொட்டியில் ஊற்றும் பழக்கம் எங்காவது இருந்தால் பிர்பிரைட் கதை இங்கே நடக்க அது போதும். ஜெனரேட்டரைத் தரைத்தளத்துக்குக் கீழே வைத்த கட்டடமும் அன்றைக்குத் தோற்கும். தானேவுக்குப் பின் கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆகவே "எட்டு மணி நேர டீசல் இருக்கிறது" என்பது இந்தக் கரையில் பதிலே அல்ல. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றும்போதே கிருமி வளர்ப்பு வேலையை நிறுத்தி, தேவையில்லாததை ஆட்டோகிளேவில் அழித்து, மிச்சத்தைப் பூட்டி, என்னென்ன எங்கே இருக்கிறது என்ற பட்டியலின் ஒரு பிரதியைக் கட்டடத்துக்கு வெளியே வைத்துவிட வேண்டும்.

மேற்பார்வைக்கு வருவோம். இந்தியாவில் அடிப்படை, 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள். மரபணு மாற்றியவை மட்டுமல்லாமல் ஆபத்தான நுண்ணுயிர்களும் அதில் அடங்கும். ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உயிரித் தொழில்நுட்பத் துறையின் 2017 வழிகாட்டுதல்படி, வேலையின் அபாயத்தைப் பொறுத்து அந்தக் குழுவே அனுமதிக்கும், அல்லது மத்தியிலுள்ள மரபணு கையாளல் பரிசீலனைக் குழுவுக்கு மேலே அனுப்பும்.  பிர்பிரைட்டோடு பொருத்திப் பார்த்தால் இடறும் இடம் தெரியும். நிறுவனக் குழு பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் ஆட்களால் ஆனது, வெளியிலிருந்து துறையின் பிரதிநிதியும் வருவார். மத்தியக் குழு இருப்பதோ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அதே துறையில். கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை. தான் பணம் போட்ட திட்டத்தைத் தானே நிறுத்துவது எந்த அலுவலகத்துக்கும் கடினம்.

கண்காணிப்பு மூடிய அறையில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு விசிஆர்சியின் பிறப்பே சாட்சி. டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் அமெரிக்கப் பணத்தில் கொசுக்களை மரபணு வழியில் கட்டுப்படுத்தும் பிரிவு ஒன்றை நடத்தின. இது உயிரிப் போர் ஆய்வு என்று பத்திரிகைகளில் குற்றச்சாட்டு எழுந்தது, நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு விசாரித்தது, சோனிபட்டில் கொசுக்களை விடும் திட்டம் நின்றது, பிரிவையே 1975இல் மூடினார்கள். அதே ஆண்டில் புதுச்சேரியில் விசிஆர்சி தொடங்கியது. அந்த ஆய்வு போர் ஆய்வாக இருந்ததோ இல்லையோ, யார் எதற்காகப் பணம் தருகிறார்கள் என்பதை முதலிலேயே வெளியே சொல்லாதது அதைக் கொன்றது. இன்றைக்கு விசிஆர்சி, டெங்கு வைரஸ் வளராதபடி வொல்பாக்கியா பாக்டீரியாவைக் கொண்ட கொசுவகையை உருவாக்கி 2022இல் அறிவித்திருக்கிறது. இது மரபணு மாற்றிய கொசு அல்ல. இருந்தாலும் தெருவில் விடுவதற்கு முன் லாசுப்பேட்டை, முத்தியால்பேட்டை மக்களிடம் எல்லாவற்றையும் விரித்துச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 1989 விதிகளில் மாவட்ட அளவிலான குழு ஒன்று உண்டு. தலைவர் மாவட்ட ஆட்சியர். தொழிற்சாலை ஆய்வாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாவட்ட சுகாதார அலுவலர் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். இத்தகைய ஆய்வகங்களைப் போய்ப் பார்ப்பதும், வளாகத்துக்கு வெளியே செய்ய வேண்டியவற்றுக்கான அவசரத் திட்டத்தைத் தயாரிப்பதும் அதன் கடமை. விபத்து நடந்தால் ஆய்வகம் உடனே அதற்குச் சொல்ல வேண்டும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயனக் கசிவுக்கு இப்படி ஒரு திட்டம் கேட்க நமக்குத் தெரியும், கிருமிக்குக் கேட்டதில்லை. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். கேட்க வேண்டியவை: புதுச்சேரியிலும் கடலூரிலும் அந்தக் குழு அமைந்திருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, வெளி அவசரத் திட்டத்தில் புயலும் வெள்ளமும் இருக்கிறதா. நிறுவனங்களிடம் தனியாக: உயிரிப் பாதுகாப்பு அலுவலர் யார், கேபினெட்டுகளின் கடைசிச் சான்றுத் தேதி, வாராந்திர விதைத்துகள் சோதனைப் பதிவு, மெயினை அணைத்துப் பார்த்த தேதி, கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான சிந்தல், ஊசிக்குத்து எண்ணிக்கை. எந்தக் கிருமி எந்தப் பெட்டியில் என்று கேட்காதீர்கள். அது மறுக்கப்படும், மறுக்கப்படவும் வேண்டும். சிந்தல் எண்ணிக்கைக்குப் "பூஜ்யம்" என்று பதில் வந்தால் மட்டும் இன்னொரு மனு எழுதுங்கள்: மூன்று ஆண்டுகளில் ஒரு சிந்தல்கூட இல்லாத ஆய்வகம் கிடையாது, பதிவு செய்யாத ஆய்வகம்தான் உண்டு.